காபட்டுக்குக் கீழே

மழை பெய்து ஓய்ந்து இரண்டு நாள் வெயில் எறித்த பிறகு எங்கள் பழைய கெப்பின் கதவைத் திறந்தால் ஒரு வாடை முகத்தில் அடிக்கும். கருவாடும் ஈரச் சாக்கும் துருவும் கலந்த வாடை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு எருக்கலம்பிட்டியிலிருந்து மன்னார் நகரம் வரை ஓடினால் பாதி குறையும். மீதிக்கு நாங்கள் பழகிவிட்டோம். வெளியார் ஏறினால்தான் சங்கடம். ஒருநாள் எங்கள் பாடசாலை அதிபரை ஏற்றிக்கொண்டு ஒரு கூட்டத்துக்குப் போனேன். பாவம், மனிதர் போகும் வழியெல்லாம் மூக்கைத் துடைப்பதுபோலக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "சேர், வாகனம் நல்ல பலமான வாகனம்" என்று மட்டும் சொன்னார். காபட்டை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

எங்கள் நாட்டில் 'காபட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வீட்டிலும் வாகனத்திலும் காலடியில் கிடப்பது. மற்றது வழுவழுவென்று தார் வார்த்த வீதி. யுத்தம் முடிந்த 2009 க்குப் பிறகு மன்னாரில் அதிகம் காதில் விழுந்த சொல் இந்த இரண்டாவது காபட்தான். ரோட்டுக்குக் காபட் போட்டாயிற்று என்றால் ஊர் திருந்திவிட்டது என்று பொருள். 2010 இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதுப் பாலம் திறந்தார்கள். 2015 இல் தலைமன்னார்த் துறைக்கு மறுபடியும் ரயில் வந்தது. இப்போது மதவாச்சியிலிருந்து மன்னாருக்கு வாகனம் வழுக்கிக்கொண்டு வரும். கெப்புக்கு வெளியே ஒரு காபட், உள்ளே ஒரு காபட். இரண்டுக்கும் நடுவில் கிடந்த இரும்புத் தளத்தைப் பற்றி நான் அதுவரை நினைத்ததேயில்லை.

கெப் 1992 ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ். டபள் கெப், டீசல். வாப்பா அதை 1999 இல் புத்தளத்தில் இருந்தபோது பழையதாக வாங்கினார். உம்மாவின் காப்புகள் இரண்டும் மாமா கொடுத்த கடனும் அதற்குள் போயின. 1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்படி வெளியேறிய ஏறக்குறைய 75,000 பேரில் நாங்கள் ஏழு பேர். தீவிலிருந்து வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். எனக்கு அப்போது 13 வயது. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு அந்தக் கதையை நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. ஒன்பது வருடம் கிடுகுக் கொட்டிலில் இருந்த மனிதர் வாங்கிய முதல் பெரிய பொருள் இந்தக் கெப் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். வாங்கிய அன்று அதன் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு வாப்பா சொன்னார்: "இனி ஆரும் போகச் சொன்னா நடக்கத் தேவையில்லை. இதில போகலாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நாங்களும் சிரித்தோம்.

கற்பிட்டிக் கரையில் கருவாடு ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் இறக்குவதுதான் அவருடைய தொழில். பின்தட்டில் இடம் போதாவிட்டால் பின் சீற்றிலும் சிப்பங்களை அடுக்குவார். மீன் கிடைக்கிற காலத்தில் ஐஸ் பெட்டியும் உள்ளே ஏறும். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் காபட்டில் ஊறும். 2010 இல் ஊருக்குத் திரும்பினபோது நாங்கள் வந்ததும் இதே கெப்பில்தான். எங்கள் வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. கதவு, ஜன்னல், நிலை ஒன்றும் இருக்கவில்லை. சுவருக்குள்ளே எருக்கலை ஆளுயரத்துக்கு நின்றது. முதல் நான்கு இரவு கெப்புக்குள்தான் படுத்தோம். வாப்பா 2016 இல் மௌத்தானார். கெப் எனக்கு வந்தது. மனைவியும் பிள்ளைகளும் படிப்புக்காகப் புத்தளத்திலேயே இருக்கிறார்கள். நான் எருக்கலம்பிட்டியில் உம்மாவோடு இருக்கிறேன். திரும்பி வந்த பல குடும்பங்களின் கணக்கு இதுதான், ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. இரண்டு காலுக்கும் நடுவில் ஓடுவது இந்தக் கெப்.

வேறு வாகனம் வாங்கலாமே என்று கேட்பார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022 இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. 2025 இன் தொடக்கத்தில் இறக்குமதியைத் திறந்தபோதும் வரியோடு சேர்த்துச் சொன்ன விலைகள் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டுகிறவையாக இருக்கவில்லை. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய இரும்புக்கெல்லாம் மரியாதை வந்தது. எங்கள் கெப்பையும் இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். வாடை பிடித்த பிறகும் கேட்டார்கள்.

காபட்டை மாற்றப் போகிறேன் என்றதும் உம்மா முகத்தைச் சுருக்கினாள்.

"அது வாப்பா தன்ட கையால விரிச்சது மகன். கழட்டாம கழுவிப் பாருங்களேன்."

"எத்தனை தரம் கழுவினம் உம்மா."

"அப்ப நான் சாம்பிராணி போடுறன்."

போட்டாள். தணல் சட்டியைக் கெப்புக்குள் வைத்துக் கதவுகளைச் சாத்தினாள். ஒரு நாள் முழுக்கக் கெப் மௌலூது வீடுபோல மணத்தது. மறுநாள் கருவாடும் சாம்பிராணியும் சேர்ந்த புதிய வாடை ஒன்று வந்தது. அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

மன்னார் நகரத்தில், பெருக்குமரம் நிற்கிற பள்ளிமுனைப் பக்கம் போகிற வழியில், ஒரு டிங்கர் பாஸ் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், கத்தோலிக்கர். சொந்த வளவில் தகரக் கொட்டில் போட்டுத் தனியாக வேலை செய்கிறார். காபட் வேலைக்குக் குஷன் கடைக்குத்தானே போக வேண்டும் என்று நினைத்தேன். குஷன் கடைக்காரர்தான் என்னை இவரிடம் அனுப்பினார். அவர் காபட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். விரலைச் சுற்றி நீர் ஊறியது. "முதல்ல தளத்தைப் பாக்கோணும் சேர். அது என்ட வேலை இல்லை" என்று சொல்லிவிட்டார்.

பாஸ் கெப்பைப் பார்த்ததும் காபட்டைத் தொடவில்லை. ஸ்குரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிடியால் அடியிலிருந்து தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். சில இடத்தில் 'டங்' என்றது. சாரதிக்குப் பக்கத்துச் சீற்றின் கால்மாட்டில் 'பொத்' என்றது.

"சேர், இதுக்கு மேல புதுக் காபட் போட்டா ஆறு மாசம் மணம் வராது. பிறகு காபட் இருக்கும், தளம் இராது."

ஒரு சனிக்கிழமை காலை வேலை தொடங்கியது. எனக்கு விடுமுறை. கூட நின்று கைகொடுத்தேன். முதலில் சீற்றுகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முன் சீற்றுக்கும் நான்கு போல்ட். முந்திய நாளே அவற்றுக்கு டீசல் ஊற்றி ஊறப்போட்டிருந்தார். ஏழு கழன்றன. எட்டாவதின் தலை கையோடு வந்துவிட்டது. பிறகு சீற் பெல்ட்டின் போல்ட்கள், கதவுப் படியில் காபட்டின் விளிம்பை அமுக்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் பட்டிகள், கியர் கம்பின் ரப்பர் உறை. கழற்றியது ஒவ்வொன்றையும் ஒரு பழைய பால்மாப் பேணியில் போட்டு, எந்த இடத்தது என்று மூடியில் சோக்கால் எழுதினார். பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகளுக்கு இந்த ஒழுங்கு வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

காபட் ஒரு துண்டாக வரவில்லை. சாம்பல் நிறம் என்று நினைத்திருந்தேன். சீற்றுக்குக் கீழே வெயில் படாத இடத்தில் அது நீலமாக இருந்தது. அதற்கடியில் இருந்த சணல் மெத்தை ஊறிப்போய்ச் சேறுபோலப் பிசுபிசுத்தது. அதிலிருந்து வந்தவற்றை உம்மாவிடம் காட்டலாம் என்று ஒரு கடதாசியில் சேர்த்தேன். மீன் செதில்கள், பேரீச்சங்கொட்டைகள், 2 ரூபாய்க் குத்தி இரண்டு, தங்கச்சியின் பாசி மணி, வாப்பாவின் சுருட்டுத் துண்டு. மண்ணும் கைநிறைய இருந்தது. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பல ஊர் மண் அங்கே கலந்து கிடந்தது.

மெத்தையையும் வழித்தெடுத்த பிறகுதான் அது தெரிந்தது. இரும்புத் தளத்துக்கும் மெத்தைக்கும் நடுவில், மூலைக்கு மூலை சரியாக வெட்டி, ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் விரிப்பு. ஓரத்தில் வெள்ளை எழுத்தின் பாதி. எனக்கு உடனே விளங்கிவிட்டது. முகாமில் கூரைக்குப் போடுவதற்கு ஓர் உதவி நிறுவனம் கொடுத்த விரிப்பு. அதன் கீழேதான் நான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். மாரியில் மழைத்துளி அதில் விழுகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. ஐஸ் தண்ணீர் இரும்பில் படக்கூடாது என்று வாப்பா அதை வெட்டி விரித்திருக்கிறார்.

பாஸ் அதன் ஒரு மூலையைப் பிடித்து உயர்த்தினார். கீழே தளம் இல்லை. செந்நிற அப்பளம் போல ஏதோ இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்து கீழே மண்ணில் விழுந்தது. அந்த ஓட்டை வழியாகக் கொட்டிலின் தரை தெரிந்தது.

"ஆர் போட்டது?"

"வாப்பா. தண்ணி இறங்காம இருக்க."

"மேலயிருந்து இறங்காது, சரி. ஓரத்தால போன தண்ணி எப்பிடி வெளிய வரும்? பிளாஸ்டிக் மூச்சு விடாது சேர். உப்புத் தண்ணியைப் பொத்தி வைச்சிருக்கு." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அவர் காப்பாத்தத்தான் போட்டவர்."

உப்பு இரும்பின் மேல் இருக்கும்வரை வெயிலில் காயப் போட்டாலும் பயனில்லை என்று அவர் விளங்கப்படுத்தினார். கடற்காற்றிலுள்ள ஈரத்தையே அது இழுத்துக்கொள்ளும். ஆகவே சுரண்டுவதற்கு முன்னும் பின்னும் தளத்தை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். அவருடைய வளவுக் கிணறு சவர். "இந்தத் தண்ணியால கழுவினா உப்புக்கு உப்புப் போடுறது போல" என்று என்னைக் குடிதண்ணீர் எடுத்துவர அனுப்பினார். நான்கு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். புத்தளத்தில் நல்ல தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்ற நாட்களுக்குப் பிறகு, இரும்பைக் குளிப்பாட்ட நல்ல தண்ணீர் சுமப்பேன் என்று நினைத்திருக்கவில்லை.

அவர் சில் பிரஷ்ஷை மின்துரப்பணத்தில் பூட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, 14 ஆம் நம்பர் ஸ்பெனர் எடுத்து வரச் சொன்னார். ஆயுதங்கள் வைக்கிற சின்ன அறை கொட்டிலின் பின்பக்கம். அதன் கதவைத் தள்ளப் போன கை அப்படியே நின்றது.

தகரச் சுவருக்குச் சற்றும் பொருந்தாத கனத்த மரக்கதவு. பச்சைப் பெயின்ற் தடிப்பாக அடித்திருந்தது. மேற்பலகையின் நடுவில், பெயின்றுக்குள்ளே, பள்ளமாக மூன்று இலக்கங்கள். 786.

ஸ்பெனரை எடுத்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுபடி அந்த அறைக்குப் போக ஒரு காரணம் தேடிக்கொண்டேயிருந்தேன். எங்கள் வீட்டுக் கதவில் இலக்கம் இருக்கவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதன் கீழ்ப்பலகையில் தங்கச்சி ஆணியால் கீறிய ஒரு மீன் இருந்தது, வால் பெரிதாக. இருந்தாலும் இரண்டாம் தரம் போனபோது, விழுந்த நட்டைப் பொறுக்குவதுபோலக் குனிந்து கீழ்ப்பலகையைத் தடவிப் பார்த்தேன். மீன் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து அன்றிரவு வெட்கப்பட்டேன். எங்களுடையது இல்லையென்றால் அது இன்னொருவருடையது. அந்த இன்னொருவரும் எங்களைப் போலக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வள்ளம் ஏறியிருப்பார். திறப்பைக்கூடக் கொண்டு போயிருப்பார்.

எங்கள் ஊரவரான பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் இந்த வெளியேற்றத்தையும் அதில் இழந்தவற்றையும் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். அகதிகளைப் பற்றிய அவருடைய நூல் 2001 இல் வந்தது. 2018 இல் அவர் மௌத்தாகும்வரை அந்த வேலையை விடவில்லை. வீடு, காணி, கடை, வள்ளம் என்று அவரைப் போன்றவர்கள் கணக்கெடுத்திராவிட்டால் இன்றைக்கு எங்கள் பேச்சு வெறும் புலம்பலாகியிருக்கும். ஆனால் எந்தக் கணக்கிலும் கதவுக்குத் தனியே பெயர் இல்லை. கதவைப் பற்றி எதிரில் நிற்கிற மனிதரிடம் கேட்டால்தான் உண்டு. அவரோ எங்கள் தளத்தை உப்புப் போகக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு அவர் பூசைக்குப் போய்விட்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். நோயின் மூலத்தைத் தேடினார். ஐஸ் தண்ணீரைக் கொண்டுவருவதை நாங்கள் நிறுத்திப் பத்து வருடமாகிறது. பிறகும் ஈரம் ஏன் காயவில்லை? முன் கண்ணாடியின் ரப்பர் ஒரு மூலையில் வெடித்திருந்தது. அது சின்னக் குற்றவாளி. பெரிய குற்றவாளி ஏசி. அதில் சேரும் தண்ணீர் வெளியே வடிய ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. அது மண்ணால் அடைத்துப்போய், தண்ணீர் உள்ளேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினார். கறுப்புத் தண்ணீர் ஒரு பேணி வந்தது.

இற்ற இடங்களைச் சதுரமாக வெட்டியெடுத்துவிட்டு 18 கேஜ் தகட்டைப் பற்றவைத்தார். துரு மிஞ்சிய இடங்களுக்கு, அதைக் கறுப்பாக்கி இறுக்குகிற மருந்து பூசினார். அதற்கு மேலே துருத்தடுப்புப் பெயின்ற் இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் ஒரு நாள் காய வேண்டும். பற்றவைத்த விளிம்புகளுக்குப் பசை. தளத்தில் தொழிற்சாலையிலேயே வைத்த துளைகள் உண்டு, ரப்பர் மூடிகளோடு. அவற்றைக் காட்டி, "தண்ணி நிண்டா இதுகளைத் திறந்து விடலாம். உங்கட வாப்பாவுக்கு ஆரும் சொல்லியிருக்க மாட்டினம்" என்றார். வாப்பா மேலே பிளாஸ்டிக்கை விரித்த நாளிலிருந்து அந்த மூடிகளை யாரும் கண்டதில்லை.

புதன்கிழமை பின்னேரம் விரிப்பு வாங்கக் குஷன் கடைக்குப் போனோம். ஹைலக்ஸின் தளத்துக்கென்று அச்சில் வார்த்த காபட் இந்தப் பழைய மாதிரிக்குக் கிடைக்காது. யார் அளவில் வெட்டுகிற நார்க் காபட் இருந்தது, மெத்தென்று. உம்மா அதைத்தான் சொல்லிவிட்டிருந்தாள். பாஸ் தடித்த கறுப்பு ரப்பர் விரிப்பைக் காட்டினார். காபட் அழகு, சத்தத்தையும் குறைக்கும், ஆனால் குடித்த தண்ணீரைச் சொல்லாது. ரப்பரில் தண்ணீர் நின்றால் கண்ணுக்குத் தெரியும். ரப்பரும் மூச்சு விடாதுதானே என்று கேட்டேன். அவருக்குச் சந்தோஷம். "இப்ப சேர் டிங்கர் வேலை படிச்சிட்டீங்கள்" என்றார். "மூச்சு விடாது. அதாலதான் நாங்கள் தூக்கிப் பாக்கோணும்."

பழைய காபட்டின் துண்டுகளைப் பொருத்தி, புரட்டிப் போட்டு, அதைப் பார்த்து ரப்பரில் சோக்கால் கோடு போட்டார். ஓரங்களில் இரண்டு விரல் கூட விட்டுத்தான் வெட்ட வேண்டும். குறைந்தால் ஒட்ட முடியாது, கூடினால் பிறகு நறுக்கலாம். நடு மேட்டில் மடிப்பு விழும் இடங்களில் 'வி' வடிவில் வெட்டு. வெட்டியதை வெயிலில் பொனட்டின் மேல் ஒரு மணித்தியாலம் போட்டு வைத்தோம். சூட்டில் இளகி, தளத்தின் மேடுபள்ளங்களுக்கு வளைந்து கொடுத்தது. போல்ட்களின் துளைகளைக் காய்ச்சிய கம்பியால் சுட்டுப் போட்டார். முன்பக்கம் ஒரு துண்டு, பின்பக்கம் ஒரு துண்டு.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது அவர் பசை டின்னைத் திறக்காமல் கையில் வைத்துக்கொண்டு கதவுப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"சேர் அந்தக் கதவைப் பாத்திட்டீங்கள்" என்றார்.

"ஓம்."

"குனிஞ்சு பாத்ததையும் கண்டன். உங்கட வீட்டுக் கதவோ?"

"இல்லை."

"அப்ப ஆரின்ர?"

எனக்குத் தெரியாது என்றேன். அவர் பசை டின்னைக் கீழே வைத்தார்.

"90 இல சண்டை துவங்கினவுடன நாங்கள் ராமேஸ்வரம் போயிட்டம். நீங்கள் போன நேரம் நான் மண்டபம் முகாமில. 94 இல திருப்பி அனுப்பினவங்கள். தலைமன்னாரில இறங்கி, பேசாலை முகாமில கொஞ்ச நாள் கிடந்து, வீட்டை வந்து பாத்தா சுவர் மட்டும்தான். எங்கட கதவையும் ஆரோ கொண்டு போயிட்டினம். பொம்பிளப்பிள்ளையள் ரெண்டு, சாக்கைத் தொங்க விட்டிருந்தம். அந்த நேரம் ஒருத்தன் டிரக்டரில கதவு, நிலை, ஓடு எல்லாம் ஏத்திக்கொண்டு வந்து வித்தான். 400 ரூபா குடுத்தன். எங்கயிருந்து எண்டு கேக்கேல்லை. கேக்கத் தேவையில்லையே, நம்பர் கிடந்துதே. அண்டைக்குப் பின்னேரமே பெயின்ற் அடிச்சன்."

நான் பேசாமல் இருந்தேன்.

"பிறகு வீட்டுக்குப் புதுக் கதவு போட்டன். இதை எரிக்கவும் மனம் வரேல்லை. இஞ்ச பூட்டினன். மூண்டு தரம் பெயின்ற் அடிச்சிட்டன் சேர். ரெண்டு மாரி போக அந்த நம்பர் மேல வந்திரும்."

2002 ஏப்ரலில் சமாதான காலத்தில், கிளிநொச்சியில் நடந்த பெரிய செய்தியாளர் மாநாட்டில் எங்கள் வெளியேற்றத்தைப் பற்றிக் கேட்கப்பட்டது. வருத்தம் தெரிவித்தார்கள், பழையதை மறப்போம் என்றார்கள். புத்தளத்தில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கேட்டோம். வாப்பா எழுந்துபோய்க் கெப்பைக் கழுவத் தொடங்கினார். அது யார் யாருக்கோ சொன்னது. இங்கே ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து, 400 ரூபாய் கொடுத்தேன் என்று சொல்கிறார். அவர் எங்களை வெளியேற்றவில்லை. எங்களுக்கு முன்பே ஓடிப்போனவர். ஆனாலும் அவர் பிள்ளைகளின் மானத்தைக் காத்தது எங்கள் ஊர் வீடு ஒன்றின் கதவாக இருக்கலாம். இரண்டில் எதையும் நான் தள்ளிவிட முடியவில்லை.

"கழட்டித் தாறன். கெப்பில ஏத்திக்கொண்டு போங்கோ. உங்கட பள்ளியில குடுத்தா ஆக்கள் தேடிப் பிடிச்சிருவினம்."

பின்தட்டில் அது தாராளமாகக் கொள்ளும். அவருக்கும் பாரம் இறங்கும். ஆனால் நான் அதைக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பள்ளிச் சுவரில் சாத்தி வைப்போம். நாலு நாள் பேசுவோம். பிறகு மழைக்கு நனையாமல் அதன்மேல் எதையாவது விரிப்போம்.

"வேணாம் அண்ணே" என்றேன். அதுவரை அவரைப் பாஸ் என்றுதான் கூப்பிட்டிருந்தேன். "அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பெயின்றை மட்டும் சுரண்டி விடுங்க. எங்கட ஊர் ஆக்களும் மற்ற ஊர் ஆக்களும் இஞ்ச வாகனம் கொண்டு வாறாங்கதானே. ஆராவது கண்டுபிடிச்சுக் கேட்டா குடுங்க."

அவர் நீண்ட நேரம் யோசித்தார். நான் கேட்டது சின்ன விஷயம் இல்லை. கழற்றித் தருவதோடு ஒருநாளில் முடிந்திருக்கும். இது நாளாந்தம்.

"வாற போற ஆக்கள் எல்லாம் பாப்பினம். கேப்பினம்."

"ஓம்."

"நான் சொல்லோணும்."

"ஓம் அண்ணே."

அவர் எழுந்து ரப்பர் விரிப்பின் ஓரத்தைக் காலால் சரிப்படுத்தினார். பிறகு கேட்டார்: "இதை ஒட்டவா தம்பி, விடவா?"

"ஒட்டாதீங்க."

பசை டின் திறக்கப்படவேயில்லை. சீற்றின் பாரமும் கதவுப் படியின் பட்டிகளும்தான் விரிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கால்மாட்டுப் பக்கத்தை எந்த நேரமும் தூக்கிப் பார்க்கலாம். எட்டாவது போல்ட்டின் இடத்தில் புதியதைப் பூட்டி, பால்மாப் பேணியைக் கவிழ்த்துக் காட்டினார், ஒன்றும் மிஞ்சவில்லை என்று.

உம்மா முதலில் கெப்பில் ஏறியபோது மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். "வாப்பாட வாசம் போயிட்டு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "மூச்சு முட்டாம இருக்கு" என்றாள். கடதாசியில் சேர்த்து வைத்தவற்றில் பாசி மணியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அந்த நீல விரிப்பைக் கழுவிக் கொடியில் போட்டாள். ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதை வைத்து அழுவாள் என்று பயந்தேன். காய்ந்ததும் இரண்டாக மடித்துக் கோழிக்கூட்டின் மேல் கட்டிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, முதல் பெருமழைக்குப் பிறகு, தளத்தைக் காட்டுவதற்காகப் பாஸிடம் போனேன். ரப்பரைத் தூக்கிக் கையை விட்டுத் தடவினார். காய்ந்திருந்தது. "மாசத்துக்கு ஒருக்காப் பாருங்கோ. மறந்து போகாதேங்கோ" என்றார்.

ஆயுத அறையின் கதவு அங்கேயே இருந்தது. மேற்பலகை மட்டும் மரம் தெரியச் சுரண்டியிருந்தது. கீழே பழைய பச்சை. 786 என்ற இலக்கங்கள் நேற்றுத்தான் உளியால் கொத்தியதுபோலத் தெளிவாக இருந்தன.

"ரெண்டு பேர் கேட்டவை" என்றார். "ஒருத்தர் ஒண்டும் சொல்லாமல் போயிட்டார். மற்றவர் கனநேரம் கையை வைச்சுப் பாத்தார். தங்கட இல்லையாம். ஆனால் தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனவர்."